பண்டைய வரலாற்றுப் பட்டப்படிப்பும் பயிற்றுமொழியும்: ஐதராபாத் அமீர்பேட்டினை முன்வைத்து

பண்டைய வரலாறு என்பது வழக்கொழிந்த மொழிகளிலும் வடிவம் மாறிய எழுத்துகளிலும் கிடைக்கும் சான்றுகளைக் கொண்டு எழுதப்படுவது. ஆகவே அதனை இளங்கலைப் பட்டப்படிப்பில் பயிலும் மாணவர், எந்த மொழியைப் பயிற்றுமொழியாகக் கொண்டாலும், மொழிபெயர்ப்பின் வழியாகவே பயில்கின்றார். தாய்மொழிவழிக் கல்வியில் மட்டுமே மொழிபெயர்ப்பு இடம்பெறுகின்றது, ஆங்கிலவழிக் கல்வியில் அது இல்லை என்னும் கருத்து பரவலாக உள்ளது. பிராகிருதக் கல்வெட்டு ஒன்றினை ஆங்கிலப் பாடநூலில் பயில்பவரும் பிறரது மொழிபெயர்ப்பினையே பயில்கின்றார். வேறுபாடு ஒன்றே: ஆங்கிலவழி மாணவர் மூலத்திலிருந்து ஒரு படி விலகி நிற்கின்றார், ஆங்கிலப் பாடநூலின் மொழிபெயர்ப்பைத் தாய்மொழியில் பயில்பவர் இரண்டு படிகள் விலகி நிற்கின்றார்.

இந்த இரண்டாம் படியினை இந்திய மொழிகள் எவ்வாறு எதிர்கொண்டன என்பதனை அறிய ஐதராபாத் நகரம் சிறந்ததொரு களமாகும். நூறாண்டுக்குள் உருது, ஆங்கிலம், தெலுங்கு ஆகிய மூன்று மொழிகளிலும் இந்நகரில் பட்ட வகுப்பு வரலாறு பயிற்றப்பட்டுள்ளது. இன்று அதே பாடம் அமீர்பேட்டின் பயிற்சி நிலையங்களில் தேர்வுக் குறிப்பாகச் சுருங்கி வழங்குகின்றது. இம்மாற்றங்களில் பண்டைய வரலாற்றின் சொற்களுக்கு நேர்ந்தது யாது என்பதனைத் தமிழ்ச் சூழலோடு ஒப்பிட்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஊர்ப்பெயரும் கல்விச் சூழலும்

அமீர்பேட் என்னும் பெயரே இருமொழிக் கூட்டாகும். 'அமீர்' என்பது தலைவன், பிரபு எனப் பொருள்படும் அரபுச் சொல். பாரசீகம், உருது வழியாக வந்தது. 'பேட்' என்பது தெலுங்கில் 'பேட்ட' எனவும் தமிழில் 'பேட்டை' எனவும் வழங்கும் சொல். வணிகம் நிகழும் புறநகர்ப் பகுதியைக் குறிப்பது. அடுத்துள்ள பேகம்பேட்டும் இவ்வகையில் அமைந்ததே. முன்னொட்டு ஆட்சியாளரின் மொழியிலும் பின்னொட்டு குடிமக்களின் மொழியிலும் அமைந்த இத்தகைய ஊர்ப்பெயர்கள் நகரின் மொழி வரலாற்றைச் சுருக்கமாகக் காட்டுவன.

1990களிலிருந்து கணினிப் பயிற்சி நிலையங்களால் அமீர்பேட் நாடறிந்த பகுதியாயிற்று. மைத்ரிவனம் கட்டடத்தைச் சூழ்ந்த தெருக்களில் கணினி மொழிகளுடன் வங்கித் தேர்வு, அரசுப் பணித் தேர்வு முதலியவற்றுக்கும் பயிற்சி அளிக்கப்படுகின்றது. பணித் தேர்வுகளின் பாடத்திட்டத்தில் பண்டைய வரலாற்றுக்கு நிலையான இடம் உண்டு. தெலங்கானா அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் பாடத்திட்டம் சாதவாகனர், இட்சுவாகர், விட்ணுகுண்டினர் ஆகிய மரபுகளை வெளிப்படையாகவே குறிக்கின்றது. ஆகவே கல்லூரியில் பட்டத்துக்காகப் படித்த பாடத்தையே இங்கு மாணவர் இரண்டாம் முறை பயில்கின்றனர். முதன்முறை பயின்றபோது அப்பாடம் எத்தகைய மொழியில் அமைந்திருந்தது என்பதே, இரண்டாம் முறை அதனை எவ்வளவு சுருக்கலாம் என்பதனைத் தீர்மானிக்கின்றது.

உருதுவில் பண்டைய வரலாறு

ஐதராபாத் அரசில் இந்திய மொழி ஒன்றினைப் பயிற்றுமொழியாகக் கொண்ட பல்கலைக்கழகம் அமைக்க நிஜாம் மீர் உசுமான் அலி கான் 1917 ஏப்ரல் 26ஆம் நாள் ஆணை பிறப்பித்தார். 1918இல் உசுமானியாப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. 1919இல் வகுப்புகள் தொடங்கின. உருது பயிற்றுமொழி, ஆங்கிலம் கட்டாய மொழிப்பாடம். பாடநூல்கள் இல்லாமையால், வகுப்புகள் தொடங்குவதற்கு முன்னரே, 1917இல், 'தாருல் தர்ஜுமா' என்னும் மொழிபெயர்ப்பு நிலையம் அமைக்கப்பட்டது. மௌல்வி அப்துல் ஹக் அதன் முதல் தலைவர். கவிஞர் ஜோஷ் மலீஹாபாதீ போன்றோரும் அங்குப் பணியாற்றினர். பல்கலைக்கழகம் தொடங்கும் முன் மொழிபெயர்ப்பகம் தொடங்கப்பெற்றது என்னும் இவ்வரிசை முறை இந்தியக் கல்வி வரலாற்றில் தனித்துக் குறிப்பிடத்தக்கது.

நிலையத்தின் முதற்சிக்கல் கலைச்சொல்லாக்கமே. அரபு, பாரசீக வேர்களிலிருந்து மட்டுமே சொற்களைப் படைக்க வேண்டும் என்பார் ஒரு சாரார். உருதுவின் இயல்புக்கேற்ப இந்திய மொழிச் சொற்களையும் ஒட்டுகளையும் கையாளலாம் என்பார் மற்றொரு சாரார். இரண்டாம் கருத்தினரான வஹீதுத்தீன் ஸலீம் 1921இல் 'வஸ்எ இஸ்திலாஹாத்' என்னும் நூலை வெளியிட்டுக் கலைச்சொல்லாக்கத்துக்கு நெறிமுறை வகுத்தார். இதே காலத்தில் தமிழிலும் இம்முயற்சி தொடங்கியிருந்தது. 1916இல் சேலத்தில் இராசாசியும் வெங்கடசுப்பையரும் கலைச்சொல்லுக்கெனச் சங்கம் அமைத்து இதழும் வெளியிட்டனர். தமிழில் அம்முயற்சி தனியார் சங்கங்களின் வழி மெல்ல வளர, உருதுவிலோ அரசின் ஆதரவோடு பல்கலைக்கழக அளவில் விரைந்து நிகழ்ந்தது.

பண்டைய வரலாற்றுத் துறையில் மொழிபெயர்க்கப்பட்ட நூல்களுள் வின்சென்ட் ஸ்மித்தின் இந்திய முற்கால வரலாறும் ஒன்று. 1904இல் முதலில் வெளிவந்த அந்நூல் வடஇந்தியப் பேரரசுகளை மையமாகக் கொண்டது. இந்திய வரலாற்றைக் கங்கைச் சமவெளியிலிருந்து தொடங்காமல் கிருட்டிணை, காவிரி, வைகை ஆற்றுப் பகுதிகளிலிருந்து தொடங்குதல் வேண்டும் என்னும் மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளையின் கருத்தினை ஸ்மித்தே தம் நூலில் எடுத்துக் காட்டுகின்றார். எனினும் அதனைச் செயற்படுத்தும் காலம் இன்னும் வரவில்லை என்பது அவர்தம் நிலைப்பாடு. கிருட்டிணைப் படுகையின் கணிசமான பகுதியைத் தன்னகத்தே கொண்டிருந்த ஓர் அரசின் மாணவர், அப்படுகைக்கு ஓரமான இடமே அளித்த நூலை உருதுவில் பயின்றனர் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. மொழி மாறியது, பார்வைக் கோணம் மாறவில்லை.

எழுத்து முறையும் ஒரு சிக்கலாக நின்றது. உருது எழுத்தில் குற்றுயிர்கள் பெரும்பாலும் எழுதப்படுவதில்லை. டண்ணகரத்துக்குத் தனி எழுத்தும் வழக்கில் இல்லை. 'வாசிட்டிபுத்திரன்', 'சாதகர்ணி' போன்ற பெயர்களை முன்னரே அறிந்தவரன்றிப் பிறர் பிழையின்றிப் படித்தல் அரிது. தமிழ் எழுத்திலும் இதற்கு இணையான இடர்ப்பாடு உண்டு. ஒலிப்புடை, ஒலிப்பிலா ஒலிகளைத் தமிழ் எழுத்து வேறுபடுத்துவதில்லை. சிறப்புப் பெயர் மூலத்திலிருந்து எழுத்து வழியாகவே விலகும் இந்நிலை பண்டைய வரலாற்றில் மிகுதி. பெயரே பல இடங்களில் முதன்மைச் சான்றாக அமைவதே காரணம்.

மற்றொரு வினாவும் எழுகின்றது. ஐதராபாத் அரசின் மக்களுள் உருதுவைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கினரே. தெலுங்கரே மிகப் பெரிய பிரிவினர்; மராத்தியரும் கன்னடரும் அடுத்த நிலையினர். ஆகவே உசுமானியாவின் முயற்சி இந்திய மொழிவழிக் கல்வி என்னும் வகையில் முன்னோடியேயாயினும், மாணவருள் பெரும்பாலோர்க்கு அது தாய்மொழிவழிக் கல்வி அன்று. அதே நகரில் 1887இல் தொடங்கப்பட்ட நிஜாம் கல்லூரி சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டு ஆங்கிலத்தில் பயிற்றி வந்தது. 1947இல் தான் அக்கல்லூரி உசுமானியாவின் உறுப்பாயிற்று. ஏறத்தாழ முப்பதாண்டுக் காலம் ஒரே நகரில் இரு மொழிகளில் இரு பல்கலைக்கழகங்களின் பட்டப்படிப்புகள் அருகருகே நிகழ்ந்தன.

ஆங்கிலமும் தெலுங்கும்

1948 செப்டம்பரில் ஐதராபாத் இந்திய ஒன்றியத்தோடு இணைக்கப்பட்டதை அடுத்து உசுமானியாவின் பயிற்றுமொழி ஆங்கிலமாயிற்று. முப்பதாண்டுகளில் உருவான உருதுக் கலைச்சொல் தொகுதி பாடநூலில் வாழும் வாய்ப்பினை இழந்தது. கலைச்சொல் அகராதியில் மட்டும் வாழ்வதில்லை. வகுப்பறையில் வினாவாகவும் விடையாகவும் புழங்கும்போதே வேரூன்றுகின்றது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று காண்டல் அரிது. 1998இல் ஐதராபாத்தில் மௌலானா ஆசாத் தேசிய உருதுப் பல்கலைக்கழகம் தோன்றிய பின்னரே உருதுவழி உயர்கல்வி அந்நகரில் மீண்டும் நிறுவன வடிவம் பெற்றது. இடைப்பட்ட அரை நூற்றாண்டின் இடைவெளி எளிதில் நிரப்பத்தக்கதன்று.

1964 முதல் 1966 வரை செயற்பட்ட கோத்தாரி கல்விக் குழு உயர்கல்வியில் வட்டார மொழிகளைப் பயிற்றுமொழியாக்கப் பரிந்துரைத்தது. பல்கலைக்கழகப் பாடநூல்களை அவ்வம்மொழிகளில் உருவாக்க ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு கோடி ரூபாய் வரை உதவும் திட்டத்தை ஒன்றிய அரசு கொணர்ந்தது. 1968இல் ஐதராபாத்தில் தெலுங்கு அகாதெமி அமைந்தது, பி.வி. நரசிம்மராவ் அதன் நிறுவனத் தலைவர். அகாதெமியின் பாடநூல்கள் வழியே தெலுங்கில் பட்ட வகுப்பு வரலாறு உருப்பெற்றது.

இதன் அடுத்த கட்டம் 1982இல் நிகழ்ந்தது. இந்தியாவின் முதல் திறந்தநிலைப் பல்கலைக்கழகமாக ஆந்திரப் பிரதேசத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஐதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டு நிறுவப்பட்டது. ஜி. இராம் ரெட்டி அதன் முதல் துணைவேந்தர். 1985இல் தோன்றிய இந்திராகாந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துக்கும் அவரே முதல் துணைவேந்தரானார். 1991இல் ஐதராபாத் நிறுவனம் டாக்டர் பி.ஆர். அம்பேத்கர் பெயரைப் பெற்றது. அதன் வளாகம் அமீர்பேட்டுக்கு மேற்கே ஜூபிலி ஹில்சில் உள்ளது. பள்ளிக் கல்வியை முறையாக நிறைவு செய்யாதவரும் தகுதித் தேர்வெழுதி இளங்கலையில் சேரலாம் என்னும் அதன் நெறி, உயர்கல்வியின் வாயிலைப் பணியாளர்க்கும் இல்லத்தரசியர்க்கும் திறந்தது. ஆசிரியரின் குரல் அன்றாடம் கேட்கப்படாத இக்கல்வி முறையில் பாடநூலே ஆசிரியர். ஒரு சொல்லின் பொருள் ஐயமாயின் கேட்டுத் தெளியும் வாய்ப்பு மிகக் குறைவு. ஆகவே திறந்தநிலைக் கல்வியில் மொழிபெயர்ப்பாளரின் பொறுப்பு இருமடங்காகின்றது.

தமிழ்ச் சூழல்

தமிழில் பட்ட வகுப்புப் பயிற்றுமொழி மாற்றம் 1960இல் கோயம்புத்தூர் அரசு கலைக் கல்லூரியில் தொடங்கியது. அப்போது சி. சுப்பிரமணியம் கல்வியமைச்சராக இருந்தார். தொடர்ந்து தமிழ் வெளியீட்டுக் கழகமும், பின்னர் 1970இல் அமைந்த தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனமும் வரலாற்று நூல்களை வெளியிட்டன. அதே 1960இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கலைப் பிரிவுகள் சிங்களத்திலும் தமிழிலும் பயிற்றப்படலாயின. இலங்கையின் அரசகரும மொழித் துறை 1960களில் வெளியிட்ட மொழிபெயர்ப்புகளுள் ஏ.எல். பாஷம் 1954இல் எழுதிய நூலின் தமிழாக்கமான 'வியத்தகு இந்தியா' குறிப்பிடத்தக்கது. ஆசிரியர் பெயரே அதில் 'பசாம்' எனத் தமிழ் ஒலிமரபுக்கு இயைந்து அமைந்தது. தமிழ்நாட்டு வழக்கும் இலங்கை வழக்கும் கலைச்சொல்லில் வேறுபட்டமையால், ஒரே பாடத்தை ஒரே மொழியில் பயின்ற இரு நாட்டு மாணவரும் இரு சொற்றொகுதிகளைக் கற்றனர். நிதி, நிறுவனம், நூல் ஆகிய மூன்றும் அமைந்த பின்னரும் சொல் ஒருமைப்பாடு தானே அமைவதில்லை என்பதனை இது உணர்த்தும்.

ஒரு சொல்லுக்கு மூன்று வழிகள்

சொல் தேர்வு பொருளை எவ்வாறு திசைதிருப்பும் என்பதற்கு இரு எடுத்துக்காட்டுகள் போதும்.

புத்தர் காலத்து வச்சியர், இலிச்சவியர் ஆகியோரின் ஆட்சியமைப்பைப் பாலி நூல்கள் 'கண', 'சங்க' என்னும் சொற்களால் குறிக்கின்றன. ஒரு மன்னன் ஆளாமல் குலத் தலைவர்கள் கூடி முடிவு செய்த முறை அது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கில நூல்கள் இதனை ரிபப்ளிக் எனப் பெயர்த்தன. 1924இல் வெளிவந்த காசிபிரசாத் ஜெயசுவாலின் நூல் இவ்வழக்கை நிலைபெறச் செய்தது. ஆங்கிலச் சொல்லைத் தமிழ் 'குடியரசு' என்றது. உருதுவில் அதற்குரிய சொல் மக்கள் திரளைக் குறிக்கும் அரபு வேரிலிருந்து வந்த 'ஜம்ஹூரியத்'. தெலுங்கோ 'கணராஜ்யம்' எனக் கூறி மூலச் சொல்லையே தக்கவைத்தது.

இம்மூன்றனுள் தமிழ்ச் சொல் தெளிவானது. ஆனால் அதனைக் கேட்கும் மாணவர் மனத்தில் சனவரி 26உம் வாக்குரிமையும் தோன்றுதல் இயல்பு. குலத் தலைவர்க்கு மட்டுமே உரிய அவையினை அனைத்துக் குடிகளின் அரசாக அவர் கருதிவிடுகின்றார். தெலுங்குச் சொல் மூலத்தோடு நெருங்கியதாயினும் இடர் நீங்கியதன்று. இன்றைய இந்தியக் குடியரசையும் தெலுங்கு 'கணதந்த்ரம்' என்றே வழங்குவதால் பழைய 'கண' புதிய பொருளை ஏற்று மீள்கின்றது. மொழிபெயர்ப்பில் பழமை புதுமையாகத் தோன்றுவது ஒரு பிழை; மூலச்சொல்லே புதுப்பொருள் ஏற்றுப் பழமையை மறைப்பது மற்றொரு பிழை. இரண்டாவது எளிதில் கண்ணுக்குப் புலப்படாதது.

இரண்டாம் எடுத்துக்காட்டு பெருங்கற்காலம். தெலுங்குப் பாடநூல்கள் இதனை 'பிருகத் சிலாயுகம்' என்கின்றன. தமிழ், தெலுங்கு இரண்டுமே ஆங்கிலச் சொல்லின் உறுப்புகளைப் பிரித்து அவ்வாறே பெயர்த்தன. ஆனால் இச்சின்னங்களுக்கு ஊரார் வழங்கும் பெயர்கள் முன்னரே இருந்தன. தெலங்கானா ஊர்களில் இவை 'ராட்சச குள்ளு', அதாவது அரக்கர் கோயில்கள், எனப்படும். தமிழகத்தில் பாண்டவர் குழி, குரக்குப்பட்டடை முதலிய பெயர்கள் உண்டு. 'தாழி' என்னும் சொல் சங்கப் பாடல்களிலேயே ஈமக்கலத்தைக் குறித்து வழங்குவது. ஐதராபாத்தின் மௌலா அலிப் பகுதியில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இத்தகைய கற்குவைகள் அகழப்பட்டன. ஐதராபாத் பல்கலைக்கழக வளாகத்திலும் இவ்வகைச் சின்னங்கள் உள்ளன. 'பிருகத் சிலாயுகம்' என மனப்பாடம் செய்யும் மாணவர் தம் ஊர்ப்புறத்து ராட்சச குள்ளு அதுவே என அறியாதிருத்தல் கூடும். கலைச்சொல் அறிவை அளித்தது; அறிந்ததோடு அதனை இணைக்கவில்லை. ஊர் வழக்கினைக் கலைச்சொல்லின் அருகே ஒருமுறை குறித்திருப்பின் இவ்விடைவெளி தோன்றியிராது.

சான்றே மொழிபெயர்ப்பாக

பண்டைய வரலாறு மொழிபெயர்ப்பின் வழி வருவது என்பதோடு, அதன் சான்றுகள் சில தாமே மொழிபெயர்ப்புகளாக இருப்பதும் இங்குக் கருதத்தக்கது. 1958இல் காந்தகாரில் கண்டெடுக்கப்பட்ட அசோகரின் கல்வெட்டு கிரேக்கத்திலும் அரமேயத்திலும் அமைந்தது. பிராகிருதத்தின் 'தம்ம' கிரேக்கத்தில் இறைப்பற்று என்னும் பொருளுடைய சொல்லாலும் அரமேயத்தில் உண்மை என்னும் பொருளுடைய சொல்லாலும் பெயர்க்கப்பட்டுள்ளது. தமிழ்ப் பாடநூலில் 'அறம்' என்று எழுதும் மொழிபெயர்ப்பாளர், இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட இருவரின் பணியையே தொடர்கின்றார்.

ஐதராபாத் அரசின் எல்லைக்குள் 1915இல் மஸ்கியில் கண்டறியப்பட்ட அசோகர் கல்வெட்டு வேறொரு வகையில் முதன்மையானது. பிற கல்வெட்டுகள் பெரும்பாலும் 'தேவானாம்பிய' என்னும் பட்டத்தையே கூற, மஸ்கியில் அசோகரின் இயற்பெயரும் இணைந்து வந்தது. அதுவரை இலங்கை வரலாற்று நூல்களின் துணைகொண்டு கொள்ளப்பட்ட முடிவு கல்லில் உறுதிப்பட்டது. ஒரு பட்டத்தைப் பெயர் என்றோ பெயரைப் பட்டம் என்றோ கொள்ளும் மொழிபெயர்ப்பு வரலாற்றையே மாற்றிவிடும் என்பதற்கு இது சான்று.

கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த சாதவாகனர் வெள்ளிக் காசு இவ்வனைத்தினும் பொருத்தமானது. அதன் ஒரு பக்கத்தில் பிராகிருதத்தில் 'ரஞோ வாஸிட்டிபுதஸ ஸிரி ஸாதகணிஸ' என்னும் தொடர் உள்ளது. மறுபக்கத்தில் 'அரஹணகு வாஹிட்டி மாகணகு திரு ஹாதகணகு' எனப் படிக்கப்பட்டுள்ளது. படிப்பில் அறிஞரிடையே சிறு வேறுபாடுகள் உண்டு. இம்மறுபக்க மொழியைத் தமிழ் என இரா. நாகசாமி, இரா. பன்னீர்செல்வம் முதலியோர் விளக்கினர். தெலுங்கின் முன்னை வடிவம் எனக் கருதுவாரும் உளர்.

எவ்வாறாயினும் சொல்லுக்குச் சொல் அமைந்த பெயர்ப்பு இது. 'ரஞோ' என்பதற்கு அரசனைக் குறிக்கும் 'அரஹண'. 'புத' என்பதற்கு 'மாகண', அதாவது மகன். 'ஸிரி' என்பதற்குத் 'திரு'. வேற்றுமையில் மட்டும் ஒரு வேறுபாடு காணப்படுகின்றது. பிராகிருதத்தின் '-ஸ' ஆறாம் வேற்றுமை. மறுபக்கத்தின் '-கு' நான்காம் வேற்றுமை. பிராகிருதத்தில் நான்காம் வேற்றுமையின் பணியையும் ஆறாம் வேற்றுமை உருபே ஏற்றிருந்தது. ஆகவே காசினை வடித்தவர் உருபின் பெயரை நோக்காது அதன் பணியை நோக்கிப் பெயர்த்தார் எனக் கொள்ள இடமுண்டு. '-கு' தமிழுக்கும் தெலுங்குக்கும் பொதுவாகலின் இவ்வுருபு ஒன்றைக் கொண்டு மொழியை முடிவு செய்தல் இயலாது என்பதும் உடன்கருதத்தக்கது.

'புத' என்பது 'மகன்' ஆகும் இவ்வுறவு வேறோரிடத்தும் பயன்படுகின்றது. அசோகரின் இரண்டாம் பாறைக் கல்வெட்டு சோழர், பாண்டியரோடு 'சதியபுத', 'கேரளபுத' என்போரையும் குறிக்கின்றது. 'மகன்' என்பது 'மான்' எனத் திரியும் என்பதனைக் கொண்டு இவற்றை அதியமான், சேரமான் என அறிஞர் அடையாளம் கண்டனர். 1981இல் வெளிப்பட்ட சம்பைக் கல்வெட்டு 'ஸதியபுதோ' என்னும் சொல்லை அதியன் நெடுமான் அஞ்சியின் பெயரோடு இணைத்துக் காட்டியபோது அம்முடிவு உறுதி பெற்றது. மொழியியலாரின் ஓர் ஒலித்திரிபு விதி அரச மரபு ஒன்றின் அடையாளத்தை நிலைநாட்டியது. இளங்கலை மாணவருக்கு இதனினும் சிறந்த ஆய்வுமுறைப் பாடம் வாய்ப்பது அரிது.

பாடநூலும் குறிப்பேடும்

ஆயினும் இக்காசு பாடநூலில் பெறும் இடம் யாது? 'சாதவாகனர் இருமொழிக் காசுகளை வெளியிட்டனர்' என்னும் ஒரே தொடர். பாடநூலில் வாக்கியமாக உள்ளது அமீர்பேட்டின் குறிப்பேட்டில் இருசொல் தொடராகி, தேர்வில் நான்கு விடைகளுள் ஒன்றாக முடிகின்றது. இதற்குப் பயிற்சி நிலையங்களை மட்டும் குறை கூறுதல் பொருந்தாது. மூலச் சொல்லையும் அதன் பெயர்ப்பையும் ஒருங்கே காட்டாத பாடநூல் சுருக்கத்துக்கு முன்னரே வழி வகுத்துவிடுகின்றது. முடிவினை மட்டும் கூறும் நூலை மேலும் சுருக்குதல் எளிது. சான்றிலிருந்து முடிவுக்குச் செல்லும் வழியைக் கூறும் நூலை அவ்வாறு சுருக்குதல் இயலாது.

தேர்வு முறையிலும் மொழிச் சமன்மை முழுமையாக அமையவில்லை. ஒன்றியப் பணித் தேர்வில் 1979 முதல் அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணை மொழிகளில் முதன்மைத் தேர்வை எழுதலாம். முதனிலைத் தேர்வின் வினாத்தாளோ ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே அச்சாகின்றது. தெலுங்கிலோ தமிழிலோ பட்டம் பெற்றவர் தாம் பயின்ற கலைச்சொற்களை ஆங்கிலத்தில் மீண்டும் அடையாளம் காண வேண்டியவராகின்றார். 'நிலமானியம்', 'பெருங்கற்காலம்' ஆகியவற்றுக்கு ஆங்கிலச் சொல் யாது என அறிவதிலேயே அவருடைய காலம் கழிகின்றது. முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு இது வேலைவாய்ப்பினைப் பாதிக்கும் சிக்கல். வெறும் கல்விக் கொள்கை வினா அன்று.

மூலச் சான்று தொலைவில் இருப்பதாலும் இந்நிலை நேர்ந்ததில்லை. நாம்பள்ளிப் பூங்காவில் உள்ள மாநில அருங்காட்சியகம் சாதவாகனர் காசுகள் உள்ளிட்ட பெரும் நாணயத் தொகுப்பினை உடையது. மேடக் பகுதியின் கொண்டாப்பூரில் 1940களில் நடந்த அகழாய்வில் சாதவாகனர் காலப் பொருள்கள் மிகுதியாகக் கிடைத்தன. 2018இல் இப்பாதையில் மெட்ரோ தொடர்வண்டி இயங்கத் தொடங்கிய பின்னர், அமீர்பேட்டிலிருந்து ஐந்தாம் நிலையமான அசெம்பிளியில் இறங்கினால் அருங்காட்சியகத்தை அடையலாம். குறிப்பேட்டில் படித்த காசினைக் கண்ணால் காண ஒரு பிற்பகல் போதும். அதனைப் பாடத்தின் பகுதியாக்கும் ஏற்பாடே தேவை.

முடிவுரை

மேற்கூறியவற்றால் சில கருத்துகள் பெறப்படும். பண்டைய வரலாற்றுப் பட்டப்படிப்பில் பயிற்றுமொழி மாற்றம் தன்னளவில் மாணவரை மூலத்தோடு நெருங்கச் செய்வதில்லை. உருது, ஆங்கிலம், தெலுங்கு ஆகிய மூன்றும் ஐதராபாத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வந்தபோதும், பாடநூல் மூன்றாமவரின் முடிவுகளைக் கூறுவதாகவே பெரிதும் நின்றது. கலைச்சொல் ஒவ்வொன்றும் ஒரு வரலாற்று விளக்கமாதலின், அதனைப் படைப்பவர் தாம் வரலாறு எழுதுவதாகவே கருதுதல் வேண்டும்.

இதற்கு உரிய வழி பெரும் செலவு வேண்டுவதன்று. முதன்மையான ஒவ்வொரு கலைச்சொல்லும் பாடநூலில் முதன்முறை வருமிடத்தில், சான்றில் உள்ள மூலச் சொல், அதன் நேர்ப்பொருள், தேர்ந்த பெயர்ப்பு, ஊர் வழக்கு இருப்பின் அதுவும் என்பன ஒரு பத்தியில் தரப்படலாம். 'கண' என்பதைக் காட்டிய பின்னர்க் 'குடியரசு' என எழுதினால் மாணவர் இரண்டுக்கும் இடையிலான தொலைவை அறிவர். சாதவாகனர் காசின் இரு பக்கத் தொடர்களையும் எழுத்துப்பெயர்ப்புடன் தந்தால் இளங்கலை முதலாண்டு மாணவரே 'புத', 'மகன்' என்பவற்றின் உறவைத் தாமே கண்டுகொள்வர். திறந்தநிலைக் கல்வியில் பயில்வோர்க்கு இது இன்றியமையாதது. கேட்டுத் தெளிய ஆசிரியர் அருகில் இல்லாதவர்க்கு நூலே அத்தெளிவினைத் தருதல் வேண்டும்.

ஈராயிரம் ஆண்டுகளுக்கு அண்மையில் தக்கணத்தின் அக்கசாலை ஒன்றில் பணியாற்றிய ஒருவர், இரு மொழியாரும் தம் அரசனின் பெயரைத் தத்தம் மொழியில் படிக்க வேண்டும் எனக் கருதி, மூலத்தை ஒரு பக்கத்திலும் பெயர்ப்பை மறுபக்கத்திலும் பொறித்தார். எதனையும் மறைக்காத அம்முறையே பண்டைய வரலாற்றுப் பாடநூல் மொழிபெயர்ப்பாளர்க்கு இன்றும் ஏற்ற முன்மாதிரியாகும்.